யாருடைய பல்?

எடின்பரோவில் நான் வரலாறு படித்த அந்த ஒரு வருடம், ஒரே வீட்டில் என்னோடு தங்கியிருந்தவர் நிலவியல் ஆய்வாளர். மதுரைப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அண்ணன் என்றே எழுதுகிறேன். மாலையில் வீடு திரும்பும்போது அவர் கோட்டிலிருந்து வினிகர் வாசம் வரும். ஏதோ உணவகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறார் போல என்று முதலில் நினைத்துக்கொண்டேன். கேட்டபோது சிரித்தார்.

"கல்ல ஊற வைக்கிறேன்டா."

விஷயம் இதுதான். சுண்ணாம்புக்கல்லை உடைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வீட்டு வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், வாளி வாளியாகப் போட்டு வைப்பார்கள். சுண்ணாம்பு மெல்லக் கரைந்துபோகும். பல்லும் எலும்பும் செதிலும் பாஸ்பேட்டால் ஆனவை என்பதால் கரையாமல் அடியில் தங்கும். அந்த வண்டலைச் சல்லடையில் அலசிக் காயவைத்து, கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, நாலைந்து முடி மட்டுமே உள்ள தூரிகையின் நுனியை ஈரமாக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. இங்கே கல்லைத் தள்ளிவிட்டு அரிசியைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, வெளியே மழை, எனக்குச் செய்வதற்கு எதுவுமில்லை. சும்மா போய்ப் பார்ப்போமே என்று அவரோடு போனேன். என்னையும் ஒரு நுண்ணோக்கி முன் உட்கார வைத்துவிட்டார். அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் மண்ணாகவே இருந்தது. பிறகு தேன் நிறத்தில், பளபளப்பாக, நடுவில் ஒரு பெரிய முனையும் இரண்டு பக்கமும் சின்ன முனைகளுமாக ஒன்று கண்ணில் பட்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"அண்ணே! சுறாப் பல்லு!"

அவர் வந்து குனிந்து பார்த்தார். "பல்லுன்னு சொல்லு. யாரு பல்லுன்னு அப்புறம் பாக்கலாம்."

அன்றைக்கு அது எனக்கு அற்பமான எச்சரிக்கையாகப் பட்டது. கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகென்ன அப்புறம்? ஆனால் அந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லுக்குள் இருநூறு வருடச் சண்டை இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதில் பாதிச் சண்டை நான் குடியிருந்த அந்த ஊரிலேயே நடந்திருக்கிறது.

*

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்பானிஃபெரஸ் என்பது சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 30 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோண்டிய நிலக்கரியில் பெரும்பகுதி அக்காலத்துச் சதுப்புக் காடுகள் புதைந்து உண்டானது. பெயரும் கரியிலிருந்து வந்ததுதான். இன்று குளிரில் நடுங்கும் ஸ்காட்லாந்து அப்போது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எரிமலைகள், வெதுவெதுப்பான காயல்கள், அவற்றில் மீன்கள். டைனோசர்கள் வருவதற்கு இன்னும் பல கோடி ஆண்டுகள் இருந்தன.

அந்த மீன்கள் நமக்கு முழுசாகக் கிடைப்பது அபூர்வம். சுறாவுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான். செத்தால் அது கரைந்துபோகும். மிஞ்சுவது பல்லும், துடுப்பின் முன்னால் நிற்கும் முள்ளும், தோலில் இருந்த மணல்மணி போன்ற செதில்களும். அதிலும் சுறா வாழ்நாள் முழுக்கப் பற்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரே சுறா ஆயிரக்கணக்கான பற்களை விட்டுப் போகலாம், ஒரு உடலைக்கூட விடாமல். எலும்புள்ள மீன்களும் செத்தபின் அலையில் சிதறி, செதில் ஓரிடம், தாடை ஓரிடம் என்று போய்விடும். ஆக, இந்தத் துறையில் கைக்கு வருவதெல்லாம் துண்டுகள்தான். துண்டிலிருந்து முழு உயிரைச் சொல்ல வேண்டும்.

எடின்பரோவின் தெற்கு ஓரத்தில் பர்டிஹவுஸ் என்று ஓர் இடம். நாங்கள் போனபோது வீடுகளும் பேருந்து நிறுத்தமுமாக, எந்த ஊரிலும் இருக்கும் புறநகர் போலத்தான் இருந்தது. அண்ணன் காட்டிய பழைய சுண்ணாம்புக் காளவாய் மட்டும்தான் ஞாபகச்சின்னம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டிச் சுட்டார்கள். 1833 வாக்கில் அந்தக் கல்லுக்குள் பெரிய பெரிய பற்களும் மினுமினுக்கும் செதில்களும் இருப்பது சாமுவேல் ஹிப்பர்ட் என்பவரின் கவனத்துக்கு வந்தது.

ஹிப்பர்ட் லேசுப்பட்ட ஆளில்லை. மருத்துவம் படித்தவர். ஷெட்லாந்துத் தீவுகளைச் சுற்றி அவற்றைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். அங்கே குரோமைட் தாதுவைக் கண்டுபிடித்துப் பதக்கம் வாங்கியவர். எனக்கு அவரைப் பிடித்துப்போக இன்னொரு காரணம், 1824இல் அவர் பேய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பேய் பார்த்தேன் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, மனமும் உடலும் சேர்ந்து செய்யும் வேலை அது என்பது அவர் வாதம். கண் எப்படி ஏமாற்றும் என்று புத்தகமே போட்டவர்!

அந்த ஹிப்பர்ட் பர்டிஹவுஸ் பற்களைப் பார்த்தார். சில பற்கள் ஒரு சாண் நீளம்கூட வரும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்தபோது எனக்கே அடிவயிறு லேசாகக் கலங்கியது. இதை மீன் என்று யார் சொல்வார்கள்? ஹிப்பர்ட்டும் சொல்லவில்லை. ஊர்வன என்றார். முதலை மாதிரியான ஏதோ ஒன்று. அவ்வளவு பழைய பாறையில் ஊர்வன இருந்ததாக அதற்குமுன் தெரியாது. உண்மையானால் அது பெரிய செய்தி. அந்தக் கல் கடலில் படிந்ததல்ல, நன்னீரில் படிந்தது என்றும் அவர் வாதிட்டார். இந்த இரண்டாவது விஷயத்தில் அவர் சொன்னதுதான் நின்றது. முதலாவதற்கு ஆயுள் குறைவு.

*

1834 செப்டம்பரில் பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டம் எடின்பரோவில் கூடியது. அதற்கு ஒரு சுவிஸ் இளைஞர் வந்திருந்தார். வயது 27. பெயர் லூயி அகாசி. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொல்மீன்கள் பற்றிய தன் பெருநூலை வெளியிடத் தொடங்கியிருந்தார். 1843இல் அது முடிந்தபோது ஐந்து தொகுதிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இனங்கள். அதற்குமுன் இந்தத் துறையில் அப்படியொரு வேலையை யாரும் செய்ததில்லை.

அவர் முறை எளிமையானது, துணிச்சலானது. கல்லில் அதிகம் மிஞ்சுவது செதில்தானே, அப்படியானால் செதிலை வைத்தே எல்லா மீன்களையும் பிரித்துவிடலாம் என்றார். தகடு போன்றவை, எனாமல் பூசி மினுங்குபவை, சீப்புப் பல் ஓரமுள்ளவை, வட்டமானவை என நான்கு வகுப்புகள். பிளாக்காய்டு, கனாய்டு, டீனாய்டு, சைக்ளாய்டு. அந்த வகைப்பாடு பிறகு நிற்கவில்லை. ஒரே குடும்பத்து மீன்களிலேயே இருவகைச் செதில்கள் வரும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் செதில்களைக் குறிக்கும் சொற்களாக அவை இன்றைக்கும் விலங்கியல் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. பள்ளியில் நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன், யார் வைத்த பெயர் என்று தெரியாமலே.

அகாசியின் தன்னம்பிக்கைக்கு ஒரு கதை உண்டு. அவர் மனைவி எலிசபெத் 1885இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் வருவது. கல்லுக்குள் பாதி மறைந்திருந்த ஒரு மீனின் உருவம் பிடிபடாமல் அகாசி தவித்துக்கொண்டிருந்தாராம். அடுத்தடுத்த இரவுகளில் அந்த மீன் முழுசாகக் கனவில் வந்தது. விழித்ததும் மறந்துபோனது. மூன்றாம் இரவு தலைமாட்டில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் இருட்டிலேயே வரைந்துவிட்டார். காலையில் போய்க் கல்லைச் செதுக்கினால், உள்ளே இருந்த மீன் படத்தோடு பொருந்தியது. நடந்ததோ இல்லையோ, அப்படியொரு கதை ஒட்டக்கூடிய ஆள்தான் அவர்.

எடின்பரோ கூட்டத்தில் ஹிப்பர்ட்டின் பற்களையும் செதில்களையும் பார்த்த அகாசி சொன்ன தீர்ப்பு: மீன். பல் பல்லியை நினைவுபடுத்தலாம், ஆனால் மீன்தான். 'பல்லி போன்ற மீன்கள்' என்று ஒரு குடும்பமே அவரிடம் தயாராக இருந்தது. மெகாலிக்திஸ் ஹிப்பர்டி என்று பெயர் வைத்தார். மெகாலிக்திஸ் என்றால் பெரிய மீன். ஹிப்பர்டி என்பது தோற்றவருக்குச் செய்த மரியாதை. ஹிப்பர்ட்டின் 'மிகப் பழைய ஊர்வன' அத்தோடு முடிந்தது.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே நின்றிருக்க வேண்டும். தெரிந்தவர் தெரியாதவரைத் திருத்தினார் என்று. ஆனால் பர்டிஹவுஸ் கல்லில் இருந்தது ஒரு மீன் இல்லை, இரண்டு. மினுங்கும், சாய்சதுர வடிவச் செதில்கள் ஒரு மீனுடையவை. ஒரு சாண் பற்கள் வேறொரு மீனுடையவை. அதன் செதில்கள் வட்டமாக, மெலிதாக, ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை, அவற்றில் அந்த மினுமினுப்பு கிடையாது. இரண்டையும் அகாசி ஒரே பெயருக்குள் போட்டுவிட்டார். பற்களுக்குரிய மீனைப் பிரித்து, 1840இல் ரிச்சர்ட் ஓவன் ரைசோடஸ் என்று பெயர் கொடுத்தார். வேர்ப்பல் என்று பொருள். 6 மீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும் என்று மதிப்பிடப்படும் நன்னீர் வேட்டை மீன் அது. இன்றைக்கு மெகாலிக்திஸ் ஹிப்பர்டியும் இருக்கிறது, ரைசோடஸ் ஹிப்பர்டியும் இருக்கிறது. ஊர்வன என்று தவறாகச் சொன்னவர் பெயர் இரண்டு மீன்களுக்கு.

"அப்போ ஹிப்பர்ட் சுத்தமா தப்புதானேண்ணே?" என்று காளவாய்ப் பக்கம் நின்று கேட்டேன்.

"சுத்தமான்னு சொல்ல முடியாது. அந்தப் பல்ல குறுக்க அறுத்துப் பாத்தா அடிப்பாகம் மடிப்பு மடிப்பா இருக்கும். ஆதி நாலுகால் பிராணிங்க பல்லும் அப்படித்தான் இருக்கும். ரெண்டு மீனுமே சதைத் துடுப்பு மீனு. நாம வந்த கிளைக்குப் பக்கத்துக் கிளை."

அதாவது, காலுள்ள விலங்கொன்றின் சாயலை அந்தப் பல்லில் ஹிப்பர்ட் பார்த்தது வெறும் பிரமை இல்லை. சாயல் உண்மை. பெயர்தான் தப்பு. அகாசிக்குப் பெயர் சரி. ஆனால் அந்தச் சாயலுக்கு வம்சாவளி என்ற விளக்கத்தை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஒவ்வோர் இனமும் படைத்தவனின் தனித்தனி எண்ணம் என்பது அவர் நம்பிக்கை. டார்வினை எதிர்த்தபடியே 1873இல் இறந்தார். அவர் பாறை வரிசைப்படி அடுக்கி வைத்த மீன்களையே பரிணாமத்துக்குச் சான்றாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

*

துண்டுக்குப் பெயர் வைக்கிற பழக்கம் அகாசியோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு முழுக்க அது ஒரு வெறியாகவே நடந்தது. அயர்லாந்தின் ஆர்மா நகரத்துச் சுண்ணாம்புக் குவாரிகளில் கிடைத்த பற்களை எனிஸ்கிலன் பிரபுவும் அவர் நண்பர் பிலிப் எகெர்ட்டனும் போட்டி போட்டுச் சேர்த்தார்கள். சிப்பிகளை நொறுக்கித் தின்ற சுறா உறவுக்காரர்களின் தட்டையான பல்தகடுகள் அவை. ஒரே வாயில் முன்தகடு ஒரு வடிவம், பின்தகடு வேறு வடிவம். வாய் முழுசாகக் கிடைக்காதபோது ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் விழும். ஒரே மீனின் பல்லுக்கு ஒரு பெயர், துடுப்பு முள்ளுக்கு இன்னொரு பெயர். ஊரில் ஒருவரை வீட்டில் ஒரு பெயரும், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும், ரேஷன் கார்டில் ஒரு பெயருமாக எழுதி, மூன்று பேர் என்று கணக்கெடுத்த மாதிரி.

பெயருக்குள் தப்பு உறைந்துபோவதும் உண்டு. அமெரிக்காவின் நியூபெரி 1889இல் ஒரு துடுப்பு முள்ளுக்கு ஸ்டெத்தகாந்தஸ் என்று பெயரிட்டார். மார்பு முள் என்று பொருள். பிறகு அந்த வகைச் சுறாக்களின் உடல்கள் கிடைத்தபோது பார்த்தால், அது முதுகில் நிற்கிறது! ஸ்காட்லாந்தில் அந்தக் குடும்பத்துச் சுறா ஒன்றை, 1981இல் கிளாஸ்கோவை ஒட்டிய பேர்ஸ்டனில், ஓர் ஓடைக்கரையில் கண்டெடுத்தவர் ஸ்டான் வுட். பல்கலைக்கழக ஆள் இல்லை. காப்பீட்டு முகவராக வேலை பார்த்தவர், பாறை தட்டியே பிழைப்பது என்று பிறகு முடிவெடுத்தவர். உடல், தாடை, பல், முதுகின்மேல் துணி தேய்க்கும் பலகை போல நின்ற அந்த விநோத உறுப்பு, எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. அப்படியும் அதற்கு முறையான பெயர் 2001இல்தான் வந்தது: அக்மோனிஸ்டியோன். இருபது வருடம். முழுச் சுறா கையில் இருந்தும் இருபது வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

*

ஆனால் 'யாரு பல்லு' என்ற கேள்விக்கு மிக நீண்ட காத்திருப்பு கோனோடோன்ட்களுடையது. என் தட்டில் கிடந்த தேன் நிறத்துப் பல்லும் அதுதான். சுறா இல்லை.

1856இல் பாண்டர் என்பவர், ரஷ்யப் பேரரசின் பால்டிக் பகுதிப் பாறைகளில் மணலளவு பற்களைக் கண்டு, மீன் பற்கள் என்று எழுதினார். உலகெங்கும் அவை கிடைத்தன. சுமார் 50 கோடி ஆண்டுப் பாறையிலிருந்து 20 கோடி ஆண்டுப் பாறை வரை. வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால் பாறையின் வயதைச் சொல்ல அவற்றைவிட நல்ல கடிகாரம் குறைவு. சூடேறினால் அவை வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கறுப்பாகும். அந்த நிறத்தை வைத்துப் பாறை எவ்வளவு வெந்திருக்கிறது, அங்கே எண்ணெய் இருக்க வாய்ப்புண்டா என்றுகூடச் சொல்லலாம். இவ்வளவு பயன்பாடு. உடையவர் யார் என்று மட்டும் தெரியாது. மீன், புழு, நத்தை, செடி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

1934இல் ஜெர்மனியில் ஷ்மிட், அமெரிக்காவில் ஹெரால்ட் ஸ்காட், ஒருவரையொருவர் அறியாமலே, இரண்டு பேரும் கார்பானிஃபெரஸ் பாறையில் ஒன்றைக் கண்டார்கள். வெவ்வேறு பெயரில் இருந்த பற்கள் ஒரே தொகுப்பாக, இடமும் வலமுமாக அடுக்கிக் கிடந்தன. அதாவது இத்தனை பெயர்களும் ஒரே வாய். அதன்பிறகு ஸ்காட் அந்த வாய்க்குரிய விலங்கைத் தேடிக்கொண்டே இருந்தார். 1973இல், ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, அவரும் மெல்டனும் மொன்டானாவின் கார்பானிஃபெரஸ் சுண்ணாம்புக்கல்லில் அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். மெத்தென்ற உடல், அதற்குள்ளே கோனோடோன்ட் பற்கள்.

பற்கள் இருந்த இடம் வாய் இல்லை, வயிறு. கோனோடோன்டைத் தின்ற வேறொரு பிராணி அது. தேடியவரின் கையில் கடைசியில் கிடைத்தது, தேடப்பட்டவரை விழுங்கியவர். இதைப் படித்த இரவு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருடம் அல்லவா.

விடை எடின்பரோவில், ஓர் இழுப்பறையில் இருந்தது. நகரின் வடக்குக் கடற்கரையில் கிராண்டன் என்ற இடத்தில் இறால் படிவங்களுக்குப் பேர்போன ஒரு பாறை அடுக்கு உண்டு. அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் சேகரித்து நிலவியல் நிறுவனத்தில் வைத்திருந்த ஒரு கல்லை, 1982இல் யூவான் கிளார்க்சன் கையில் எடுத்தார். இறால்கள் மேல் ஆர்வம் கொண்டவர். கல்லில் 4 சென்டிமீட்டர் நீளத்தில், விலாங்கு போல, நிழல் மாதிரி ஓர் உருவம். வரிவரியான தசை, வாலில் துடுப்புக் கதிர், ஒரு நுனியில் பற்கள். இந்த முறை வாய் இருக்க வேண்டிய இடத்தில். பிரிக்ஸ், கிளார்க்சன், ஆல்டிரிட்ஜ் மூவரும் 1983இல் அதை வெளியிட்டார்கள். பாண்டரிலிருந்து 127 ஆண்டுகள். பின்னர் கிடைத்தவற்றில் பெரிய கண்களும் தெரிந்தன. தாடையில்லாத மீன்களுக்கு உறவு என்கிறார்கள் பலர். அந்தப் பல்லும் நம் பல்லும் ஒரே வழியில் வந்தவையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

*

அகாசியைப் பற்றி இத்தோடு நிறுத்தியிருந்தால், அவர் எனக்கு ஓர் அறிவியல் நாயகனாகவே இருந்திருப்பார். ஆனால் நான் வரலாற்று மாணவன். அவர் அடுத்து எங்கே போனார் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1846இல் அமெரிக்கா போனார். பிறகு ஹார்வர்டில் பேராசிரியரானார். பிலடெல்பியாவில் விடுதியில் பரிமாறிய கறுப்பினத்தவரைப் பார்த்துத் தனக்கு உண்டான அருவருப்பைத் தாய்க்கு எழுதிய கடிதத்தில் மறைக்காமல் சொன்னார். தங்கள் ரத்தமும் அவர்கள் ரத்தமும் ஒன்றாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியதாம். 1850 மார்ச்சில் சார்ல்ஸ்டன் நகரில் அறிவியலாளர் கூட்டம். மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்று பேசினார். அதே ஆண்டு, அவருக்குச் சான்று வேண்டும் என்பதற்காக, தென் கரோலினாவின் கொலம்பியாவில் அடிமைப்பட்ட ஏழு பேரை ஆடை களையச் செய்து புகைப்படம் எடுத்தார்கள். முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து. மாதிரிகளை எடுப்பது போல. ரெண்டி, அவர் மகள் டீலியா. ஜாக், அவர் மகள் டிரானா. ஆல்ஃபிரட், ஃபஸீனா, ஜெம். படங்களோடு சீட்டுகளும் இருந்தன. பெயர், ஆப்பிரிக்காவில் எந்தப் பகுதி, எந்த முதலாளியின் தோட்டம்.

அந்தப் படங்களும் ஓர் அலமாரியில் கிடந்தன. 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் திரும்பக் கிடைத்தன. ரெண்டியின் வழித்தோன்றல் என்று சொன்ன ஒரு பெண் 2019இல் வழக்குத் தொடுத்தார். 2025இல் உடன்பாடு ஏற்பட்டு, படங்களைச் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு மாற்றுவதென்று முடிவானது.

பர்டிஹவுஸில் அகாசி இரண்டு மீனை ஒன்றென்றார். அதில் குற்றமில்லை, கையில் துண்டுகள்தான் இருந்தன. அடுத்த கல், அதற்கடுத்த தாடை, அதற்கடுத்த ஆள் என்று வந்து திருத்திவிட்டார்கள். ஒரு மனிதக் குடும்பத்தைப் பல இனமாக உடைத்தபோது அவர் முன்னால் இருந்தவை துண்டுகள் இல்லை. முழு மனிதர்கள், உயிரோடு. தகப்பனும் மகளும் பக்கத்துப் பக்கத்தில். கேட்டிருந்தால் பேசியிருப்பார்கள். செதிலைப் பார்த்த அதே கண்ணால் தோலைப் பார்த்தார். 'அப்புறம் பாக்கலாம்' என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆளாக அவர் அப்போது இல்லை.

இதை ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணனிடம் கொட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு சேகரிப்பு இழுப்பறையைத் திறந்து காட்டினார். சின்ன அட்டைப்பெட்டிக்குள் ஒரு பல். அதன் அடியில் மூன்று சீட்டுகள். அடியில் இருந்தது பழுப்பேறிய மையில் ஒரு பெயர். நடுவில் இருந்தது தட்டச்சில் வேறொரு பெயர். மேலே இருந்தது பென்சிலில், பேரினப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"பழசத் தூக்கிப் போட மாட்டீங்களா?"

"போடக் கூடாது. யார் என்ன நெனச்சாங்கங்கறதும் அந்தக் கல்லோட சரித்திரந்தான். நம்ம சீட்டு மேல இன்னொருத்தன் சீட்டு வைப்பான். அதுக்கு எடம் விட்டு வைக்கணும்."

கேள்விக்குறி போடுவது அவர்கள் துறையில் அவமானமில்லை என்றார். இன்ன இனம்போல் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கவும் என்பதற்கு ஒரு குறி. பேரினம்கூடச் சொல்ல இயலாது என்பதற்கு ஒரு குறி. தெரிந்தது எதுவரை என்று எழுதுவதற்கே தனி மரபு வைத்திருக்கிறார்கள்.

ஹிப்பர்ட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. எடின்பரோவுக்கு மேற்கே, பாத்கேட் அருகே ஈஸ்ட் கிர்க்டன் குவாரியில், அதே ஸ்டான் வுட் 1980களில் பல்லி போன்ற ஒரு சிறிய விலங்கைக் கண்டெடுத்தார். கார்பானிஃபெரஸ் பாறைதான். உலகின் மிகப் பழைய ஊர்வன என்று பத்திரிகைகள் கொண்டாடின. லிஸ்ஸி என்று செல்லப்பெயர். 1990இல் வெஸ்ட்லோத்தியானா லிஸ்ஸியே என்ற முறையான பெயரும் வந்தது. பிறகு நுணுகிப் பார்த்தவர்கள், ஊர்வன என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பக்கத்து உறவாக இருக்கலாம் என்றார்கள். ஹிப்பர்ட் தேடியது ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவர் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து, வந்த வேகத்தில் கேள்விக்குறிக்குள் போய்விட்டது. யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. லிஸ்ஸி அருங்காட்சியகத்தில் அப்படியே இருக்கிறது, சீட்டு மட்டும் மாறுகிறது.

நான் பொறுக்கிய அந்தப் பல்லை அண்ணன் ஒரு நுண்ணோக்கித் தட்டில் பசை தொட்டு ஒட்டி, எண் போட்டார். கார்பானிஃபெரஸ், இன்ன இடம், இன்ன அடுக்கு. பெயருக்கான கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"இன்னிக்கு கோனோடோன்ட்னு மட்டும் போடு. மீதிய அப்புறம் பாக்கலாம்."

பென்சிலால் எழுதினேன். கீழே நிறைய இடம் இருந்தது.